அம்மாவின் கால் சதை கரைகிறது: சாப்பாட்டில் சரி செய்வதா, பயிற்சியிலா?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 68 வயது, மதுரையில் தனியாக இருக்கிறார். எடை 52 கிலோ, பல வருடமாக அதே 52தான். சர்க்கரைக்கு மெட்பார்மினும் க்ளைமிபிரைடும் எடுக்கிறார். அப்பா போனதிலிருந்து கறி, மீன் இரண்டையும் விட்டுவிட்டார். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ஒரு வாரத்துக்கு மேல் படுத்த படுக்கை. அதன்பிறகு தொடையும் கெண்டைக்காலும் மெலிந்துவிட்டன. பழைய ஜாக்கெட்டெல்லாம் கையில் தொளதொளவென்று இருக்கிறது, வயிற்றுப் பக்கம் மட்டும் இறுக்குகிறது. தரையில் உட்கார்ந்தால் கட்டிலைப் பிடித்துத்தான் எழுகிறார். டாக்டரிடம் கேட்டால் "வயசாச்சு இல்ல" என்று முடித்துவிட்டார். தினமும் அரை மணி நேரம் நடக்கிறார், வீட்டு வேலையும் அவரேதான். புரோட்டீன் பவுடர் வாங்கிக் கொடுக்கலாமா? எது நல்லது?

பொருநைப் பிசியோ:
பவுடரை அப்புறம் பார்க்கலாம். எடை மாறவில்லை, ஆனால் ஜாக்கெட் கையில் தளர்ந்து வயிற்றில் இறுகுகிறது என்கிறீர்கள். சதை போன இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொண்டால் தராசுக்குத் தெரியாது. இதைத்தான் சார்கோபீனியா என்கிறார்கள். அமெரிக்காவில் 2016இலேயே இதற்குத் தனி நோய்க் குறியீடு வந்துவிட்டது, அதனால் "வயசாச்சு" என்பது பதில் ஆகாது.

அந்த ஒரு வாரப் படுக்கைதான் தள்ளிவிட்டிருக்கும். நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஒரு அமெரிக்க ஆய்வு 2007இல் வந்தது. கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போயிருந்தது. இளைஞர்களுக்கு அது திரும்பி வந்துவிடும். 68 வயதில் நாமாக வேலை கொடுத்தால்தான் வரும்.

முதலில் வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த கணக்குப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டிய நிலை. அடுத்து, தையல் டேப்பால் கெண்டைக்காலின் தடித்த இடத்தில் சுற்றளவு எடுங்கள். பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சதை குறைவு என்று சந்தேகப்படலாம். கைப்பிடி பலம் அளக்கும் கருவி பிசியோ கிளினிக்குகளில் இருக்கும், அதில் பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே என்றால் பலவீனம். கால் வீக்கம் இருந்தால் டேப் அளவை நம்பாதீர்கள்.

பெரியகுளத்தான்:
எங்கள் அப்பத்தா கம்பங்கூழும் மோரும் குடித்தே தொண்ணூறு தாண்டியது. பவுடரும் தெரியாது, கிராம் கணக்கும் தெரியாது. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு நோய்ப் பெயர், எல்லாவற்றுக்கும் ஒரு டப்பா. நானம்மாள் பாட்டி 99 வயது வரை யோகா சொல்லிக் கொடுத்தார், என்ன பவுடர் குடித்தார்?

சோளக்கொல்லை:
அண்ணே, உங்கள் அப்பத்தா கூழை மட்டுமா குடித்தது? கிணற்றில் நீர் இறைத்தது, உரலில் குத்தியது, அம்மியில் அரைத்தது, தலையில் சும்மாடு வைத்துப் புல்லுக்கட்டு சுமந்தது. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பாப்பம்மாள் நூறு வயதுக்கு மேலும் காட்டில் இறங்கி வேலை பார்த்தவர். 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். நானம்மாள் சிறு வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் செய்தவர். அந்த வேலைகளையெல்லாம் எடுத்துவிட்டு மிக்சி, கிரைண்டர், மோட்டார் கொடுத்துவிட்டோம், நல்லதுதான். ஆனால் சதைக்கு இருந்த பாரமும் அதோடு போய்விட்டது. கூழ் மட்டும்தான் மிச்சம். தொண்ணூறு தாண்டிய அப்பத்தாவைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம், அறுபதில் இடுப்பு முறிந்து படுத்துப் போன அப்பத்தாக்களும் எல்லா ஊரிலும் இருந்தார்கள்.

கரண்டிக் கணக்கு:
நான் உணவியல் படித்தவள், ஒரு மருத்துவமனை சமையற்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வைகைக்கரை, உங்கள் அம்மாவின் தட்டை நானே ஊகித்துக் கணக்குப் போடுகிறேன், தவறென்றால் திருத்துங்கள்.

காலையில் மூன்று இட்லி, 6 கிராம். சாம்பார், சட்னி 2. இரண்டு வேளை காபியில் 200 மில்லி பால் என்றால் 6. மதியம் சோறு 6, இரண்டு கரண்டி சாம்பார் 4, பொரியல் 2, மோர் 2. மாலையில் இரண்டு பிஸ்கட் 1. இரவு இரண்டு தோசையும் சட்னியும் 6. மொத்தம் 35 கிராம் பக்கம் வரும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் சொன்ன அளவு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம். 52 கிலோவுக்கு 43 கிராம். அது பெரியவர்கள் எல்லோருக்கும் பொதுவான கணக்கு. 65 தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013இலேயே ஒரு சர்வதேச முதியோர் மருத்துவக் குழு சொல்லிவிட்டது. அப்படியானால் 52 முதல் 62 கிராம். உங்கள் அம்மாவுக்குப் பொதுக் கணக்கே எட்டவில்லை.

வயதானால் ஏன் கூடுதலாக வேண்டும்? புரதம் உள்ளே போனதும் சதையைக் கட்டு என்று உடலுக்கு ஒரு உத்தரவு போகிறது. வயதான சதைக்குக் காது கொஞ்சம் மந்தம், சின்னக் குரல் கேட்காது. வேளைக்கு 6 கிராம், 8 கிராம் என்று தூவினால் உத்தரவு போய்ச் சேராது. ஒரே வேளையில் 25 கிராம் வரை போனால் நல்லது என்கிறார்கள். நம் சைவத் தட்டில் அது சிரமம்தான், 18, 20 வந்தாலே நான் சந்தோஷப்படுவேன். அதனால் இரண்டு வேளையையாவது கனமாக்குங்கள், குறிப்பாகக் காலை வேளையை. நம் வீடுகளில் ஆக மோசமான வேளை அதுதான்.

இட்லிக்குப் பதில் வாரத்தில் நாலு நாள் அடை அல்லது பெசரட்டு (பாசிப்பயறு தோசை). இரண்டு அடை 10, 12 கிராம் வரும். கூடவே ஒரு டம்ளர் பால், 250 மில்லியில் 8 கிராம். முட்டை சாப்பிடுவார் என்றால் ஒரு முட்டைக்கு 6. மதியம் சாம்பாரை நம்பாதீர்கள், அதில் பருப்பு மணக்கும், அளவு இருக்காது. கெட்டியான பாசிப்பருப்பு கூட்டோ பருப்பு உசிலியோ வையுங்கள். மோருக்குப் பதில் ஒரு கிண்ணம் கெட்டித் தயிர். காய்ந்த சோயா உருண்டை 30 கிராம் ஊறவைத்துக் குழம்பில் போட்டால் 15 கிராம். பன்னீர் 50 கிராமில் 9. பிஸ்கட்டைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுண்டலோ ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையோ கொடுங்கள், 6, 7 கிராம் கிடைக்கும். சோற்றைக் கொஞ்சம் குறைத்தால் சர்க்கரைக்கும் நல்லது.

பெரியகுளத்தான்:
அதே ஐ.சி.எம்.ஆர். 2024 மே மாதம் புதிய உணவு வழிகாட்டி போட்டு, புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்று சொன்னதே! அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

கரண்டிக் கணக்கு:
சொல்லியது உண்மை, நானும் ஒத்துக்கொள்கிறேன். உடம்பைக் கட்டுமஸ்தாக்க டப்பா டப்பாவாகத் தின்பவர்களை நோக்கிச் சொன்னது அது. புரதம் வேண்டாம் என்று அதில் இல்லை. தானியமும் பருப்பும் மூன்றுக்கு ஒன்று என்று கலந்து சாப்பிடுங்கள் என்றுதான் இருக்கிறது. உங்கள் வீட்டில் மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போகிறதா, அண்ணா? எங்கள் வீட்டில் போகாது.

கேட்டதால் டப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மால்ட் வாசனையோடு விற்கும் சத்துமாவுப் பானங்களில் பாதிக்குப் பாதி சர்க்கரையும் மாவும்தான். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இவற்றை 'ஆரோக்கிய பானம்' என்ற பட்டியலில் போடக்கூடாது என்று ஆன்லைன் கடைகளுக்கே சொல்லிவிட்டது. கொலாஜன் பவுடர் சதைக்கு உதவாது, அவசியமான அமினோ அமிலம் ஒன்று அதில் கிடையவே கிடையாது. சாப்பாடு உள்ளே போகாத நிலை, பல் இல்லை, காய்ச்சலுக்குப் பின் வாய் கசப்பு, இப்படி இருந்தால் மட்டும் சாதாரண வே புரோட்டீனை (பால் திரியும்போது பிரியும் தண்ணீரிலிருந்து எடுப்பது) கொஞ்ச நாளைக்குப் பயன்படுத்தலாம். டப்பாவின் முன்பக்கத்தைப் பார்க்காமல், பின்பக்கத்தில் ஒரு ஸ்பூனுக்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை சர்க்கரை என்று படித்து வாங்குங்கள்.

அரசமரத்தடி:
ஒரு கேள்வி. சர்க்கரை உள்ளவர்களுக்குப் புரதம் கூட்டினால் கிட்னி போய்விடும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். என் அத்தைக்கு டாக்டரே பருப்பைக் குறைக்கச் சொன்னார்.

கரண்டிக் கணக்கு:
நல்ல சிறுநீரகத்தை 1.2 கிராம் கெடுக்காது. ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்குத்தான் கட்டுப்பாடு. ஆனால் சர்க்கரை உள்ளவருக்கு எது நல்லது, எது பழுது என்று வெளியே தெரியாது. ஆகவே வைகைக்கரை, தட்டை மாற்றும் முன் இரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிடுங்கள். லேப் ரிப்போர்ட்டில் ஈஜிஎஃப்ஆர் என்று ஒரு எண் வரும், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டுவது. அது 30க்குக் கீழே இருந்து டயாலிசிஸ் இல்லாதவர்களுக்கு அந்தச் சர்வதேசக் குழுவே விலக்கு கொடுத்திருக்கிறது, புரதத்தைக் குறைக்க வேண்டும். இடைப்பட்ட எண் என்றால் சிறுநீரக மருத்துவர் சொல்லும் அளவு. அரசமரத்தடி, அத்தையின் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் அவர் டாக்டருக்கு எதிராக நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. பல வருடம் மெட்பார்மின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அசைவமும் விட்டவர்களுக்கு இன்னும் குறையும். கால் தள்ளாட்டத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அதே இரத்தத்தில் பி12, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பனிமூட்டத்து நல்லூர்:
நான் யாழ்ப்பாணம், இப்போது டொராண்டோ. இங்கே அம்மாவோடு முதியோர் வகுப்புக்குப் போய்வந்த அனுபவத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எல்லோரும் தட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் நடந்த ஆய்வுகள் இந்த விஷயத்தில் பிரசித்தம். 1990இல் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேரை எட்டு வாரம் காலால் எடை தூக்க வைத்தார்கள். முடித்தவர்களுக்குக் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1994இல் நூறு பேரை நாலு கூட்டமாகப் பிரித்தார்கள்: பயிற்சி மட்டும், சத்துப் பானம் மட்டும், இரண்டும், இரண்டுமே இல்லை. பயிற்சி செய்தவர்களுக்குப் பலம் ஏறியது. பானம் மட்டும் குடித்தவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பானமும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்குத்தான் மொத்தச் சாப்பாட்டு அளவே கூடியது.

எனவே பவுடரா என்ற கேள்விக்கே நான் இரண்டாம் இடம்தான் கொடுப்பேன். பாரம் இல்லாமல் புரதம் மட்டும் போட்டுப் பெரிய பலன் இல்லை.

சோளக்கொல்லை:
அப்படியென்றால் நடை? அம்மா தினமும் அரை மணி நடக்கிறார் என்றாரே.

பொருநைப் பிசியோ:
நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, நிறுத்த வேண்டாம். ஆனால் சமதரையில் பழகிய வேகத்தில் நடப்பது தொடைச் சதைக்குப் பெரிய வேலையே இல்லை. வீட்டு வேலையும் அப்படித்தான். நாள் முழுக்க நின்று களைப்பார்கள், ஆனால் எந்தச் சதையும் தன் எல்லை வரை போகாது. களைப்பு வேறு, பாரம் வேறு.

அம்மாவுக்கு நான் என்றால் இப்படித் தொடங்குவேன். வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. முதலில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. கையை ஊன்றித்தான் முடிகிறது என்றால் நாற்காலியில் கெட்டியான தலையணை போட்டு உயரமாக்குங்கள். கையில்லாமல் பத்து முறை வந்ததும் தலையணையை எடுங்கள். அதுவும் எளிதானால் மஞ்சப்பையில் ஒரு கிலோ அரிசி போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு எழச் சொல்லுங்கள், பிறகு இரண்டு கிலோ. உட்காரும்போது தொப்பென்று விழக்கூடாது, மூன்று எண்ணி மெல்ல இறங்க வேண்டும். சதை வளர்வதில் இறங்கும் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்து சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. சுவரில் கை வைத்துத் தள்ளுவது. தண்ணீர் பாட்டிலைத் தோளுக்கு மேல் தூக்குவது. வாசல் படி ஒன்றில் ஏறி இறங்குவது, கைப்பிடி இருந்தால் மட்டும். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு முறை கஷ்டப்பட்டுத்தான் வர வேண்டும். பேசிக்கொண்டே பன்னிரண்டு முடித்துவிட்டால் பாரம் போதவில்லை என்று அர்த்தம். மூச்சை அடக்கக்கூடாது, எழும்போது மூச்சை விட வேண்டும்.

க்ளைமிபிரைடு எடுப்பவர் வெறும் வயிற்றில் செய்யக்கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். காலை உணவுக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். வெறுங்காலோடு வேண்டாம், பாதத்தில் புண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புடவையை ஏற்றிச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், கொசுவம் தடுக்கி விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நெஞ்சு வலி, மயக்கம், ஒரு பக்கம் மட்டும் திடீர் பலவீனம் வந்தால் உடனே மருத்துவமனை.

மருதாணி:
என் மாமியாருக்கு மூட்டுத் தேய்மானம். உட்கார்ந்து எழுந்தால் இன்னும் தேயும் என்று மாடிப்படியே ஏற விடுவதில்லை. நீங்கள் சொல்வதைக் கேட்டால் பயமாக இருக்கிறது.

பொருநைப் பிசியோ:
மூட்டுத் தேய்மானத்துக்கு முதல் வைத்தியமே தொடைச் சதையைப் பலப்படுத்துவதுதான் சகோதரி. ஏற விடாமல் வைத்தால் தொடை மெலியும், மூட்டில் பாரம் கூடும், வலி கூடும், இன்னும் ஏறமாட்டார். உயரமான நாற்காலியில் தொடங்குங்கள். செய்யும்போது லேசான வலி பரவாயில்லை. மறுநாள் மூட்டு வீங்கினாலோ வலி கூடியே இருந்தாலோ அளவைக் குறையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி ஐந்து எண்ணும் வரை பிடிப்பது ஆரம்பத்துக்கு நல்லது.

பனிமூட்டத்து நல்லூர்:
நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு வீட்டுப் பயிற்சித் திட்டம் உருவாக்கினார்கள். முதல் சோதனையே 80 தாண்டிய பெண்களை வைத்து, 1997இல் வெளியானது. கணுக்காலில் கட்டும் எடைப் பட்டையும் சமநிலைப் பயிற்சியும்தான், ஜிம் கிடையாது. பிசியோ சில தடவை வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுப்பார். பின்னாளில் எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்ததில் கீழே விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

எலும்புத் தேய்மானத்துக்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு ஆய்வு 2018இல் வந்தது. 58 தாண்டிய பெண்கள் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், கனமான பார்பெல் தூக்கினார்கள். எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, தூக்காதவர்களுக்கு 1.2 குறைந்தது.

பொருநைப் பிசியோ:
அதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் அம்மாவைப் பார்பெல் தூக்க வைக்காதீர்கள். அங்கே ஒவ்வொரு நாளும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார்கள். முதுகெலும்பு முறிவு ஏற்கெனவே இருந்தால் விஷயமே வேறு.

அரசமரத்தடி:
வைட்டமின் டி? மெடிக்கலில் 60,000 யூனிட் பொட்டலம் வாங்கி வாராவாரம் பாலில் கலந்து கொடுக்கிறோம். சதைக்கு நல்லது என்றார்கள்.

கரண்டிக் கணக்கு:
குறைவாக இருப்பவருக்குக் குறையைத் தீர்க்கும், அவ்வளவுதான். எத்தனை வாரம் என்று டாக்டர் சொன்னாரோ அதோடு நிறுத்துங்கள். ஆஸ்திரேலியாவில் 70 தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை 5 லட்சம் யூனிட் மொத்தமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வந்தபோது, அதை எடுத்தவர்கள்தான் அதிகம் விழுந்திருந்தார்கள், எலும்பு முறிவும் அவர்களுக்கே அதிகம்.

மருதாணி:
யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது மாமியார்தான். முட்டைக்குழம்பு வைத்தால் முட்டை பிள்ளைகளுக்கு, குழம்பு அவருக்கு. தயிர் ஆண்களுக்கு, அடியில் மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி மோர் அவருக்கு. யாரும் அப்படிச் சாப்பிடச் சொல்லவில்லை, அவராகவே செய்வார், கேட்டால் "எனக்கு இது போதும்". செவ்வாய், வெள்ளி, சஷ்டி, ஏகாதசி வேறு. கிராம் கணக்கை அவரிடம் சொல்லிப் பயனில்லை. இப்போது அவர் பங்கை முதலிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுகிறேன். அதையும் பேரனுக்குக் கொடுத்துவிடுவார் என்பதால் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கரண்டிக் கணக்கு:
இதை வைத்து ஒரு தனி இழையே தொடங்கலாம். விரத நாளில் பால், தயிர், வேர்க்கடலை, பன்னீர் தடையில்லையே, அதில் ஈடுகட்டுங்கள். பல்லையும் பாருங்கள். சுண்டல் வேண்டாம் என்கிறார்கள் என்றால் பாதி நேரம் மெல்ல முடியாததுதான் காரணம்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. வார இறுதியில் மதுரை போயிருந்தேன். நாற்காலிச் சோதனையில் 17 விநாடி, கடைசி இரண்டு முறை கையை ஊன்றினார். கெண்டைக்கால் 31. கிரியாட்டினின், ஆல்புமின் இரண்டும் சரியாக இருக்கிறது, பி12 குறைவு, டாக்டர் ஊசி எழுதியிருக்கிறார். முட்டைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. அடைக்கும் பாலுக்கும் சம்மதம், சோயா பிடிக்கவில்லை, பன்னீர் பார்க்கலாம் என்றார். தனியாகப் பயிற்சி செய்ய வைப்பதுதான் கவலை. எத்தனை நாளில் தெரியும்? கணுக்கால் பட்டை வாங்கவா?

பொருநைப் பிசியோ:
சதைக்கு முன்னால் பலம் வரும். முதல் சில வாரம் நரம்புதான் பழகுகிறது, எழுவது எளிதாகிவிடும், டேப்பில் எதுவும் தெரியாது. அதனால் கெண்டைக்காலை வாராவாரம் அளந்து மனம் விடாதீர்கள். நாற்காலி நேரத்தை எட்டு வாரம் கழித்துப் பாருங்கள். சதை தெரிய மூன்று மாதமாவது வேண்டும், நிறுத்தினால் கரைந்துவிடும். பட்டை இப்போது வேண்டாம், பத்து முறை கையில்லாமல் எழட்டும், பிறகு அரை கிலோவில் தொடங்கலாம்.

தனியாக இருப்பவருக்கு முதல் மாதம் யாராவது பக்கத்தில் இருப்பது நல்லது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோவும் உண்டு, வீட்டுக்கே வருவார்கள். வார்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயர் கொடுத்துப் பாருங்கள். மற்ற நாளில் வீடியோ அழைப்பில் நீங்களும் கூடவே எழுந்து உட்காருங்கள். உங்களுக்கும் நாற்பது தாண்டியிருக்குமே?

வைகைக்கரை:
43, அண்ணா. வீட்டில் இருப்பது பிளாஸ்டிக் நாற்காலி, டைல்ஸ் தரை. வழுக்காதா?

பொருநைப் பிசியோ:
வழுக்கும். முதுகுப் பக்கம் சுவரோடு ஒட்டிப் போட்டு, கால்களுக்கு அடியில் ரப்பர் மேட் விரியுங்கள். கை வைத்த மர நாற்காலி கிடைத்தால் அதையே வாங்கிவிடுங்கள்.